ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை: எப்போது செய்வது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முட்டி வலி என்று டாக்டரிடம் போனால், எழுதித் தரும் சீட்டில் நான்கைந்து சோதனைகள் சேர்ந்தே வரும்: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை), ஆர்.ஏ. ஃபாக்டர் (முடக்குவாத மூட்டுநோய்க்கான சோதனை), ஏ.எஸ்.ஓ. சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. ஏ.எஸ்.ஓ. என்ற இடத்தில் 400 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே '200-க்குக் கீழ் இருக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறது. செல்போனில் தேடினால் இதய வால்வு, வாழ்நாள் ஊசி என்றெல்லாம் வருகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இந்தச் சோதனையை முதன்முறையாகச் சந்திக்கும் பெற்றோருக்காகவும், லேப் வேலைக்கோ கிராமச் சுகாதாரப் பணிக்கோ புதிதாக வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஏ.எஸ்.ஓ. எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி அண்மையில் இந்த உடலுக்குள் வந்து போனதா? அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதைக் கேட்டாலும் தவறான பதில்தான் கிடைக்கும். எண் கூடிவிட்டது என்பதற்காகவே, வேறு ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு மாதக்கணக்கில் பெனிசிலின் ஊசி போடப்படுகிறது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே, உண்மையில் ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய்) வந்த பிள்ளை 'வளர்கிற வயசு வலி' என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. இரண்டும் நடக்கக் கூடாதவை. இரண்டாவதில் பறிபோவது பிள்ளையின் இதயம்.

எதைத் தேடும் சோதனை இது

தொண்டைப்புண், டான்சில் வீக்கம், தோலில் சீழ்ச் சிரங்கு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது 'ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்', சுருக்கமாக ஸ்ட்ரெப். இது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சைச் சுரக்கிறது. சிவப்பணுக்களை உடைக்கக்கூடிய நச்சு அது. நம் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் ஆன்டி ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, சுருக்கமாக ஏ.எஸ்.ஓ. இங்கிலாந்தில் எட்கர் டாட் என்பவர் 1932-இல் இந்த அளவீட்டு முறையை விவரித்தார். பழைய ரிப்போர்ட்டுகளில் 'டாட் யூனிட்' என்று இருப்பது அவர் பெயரால்தான். இப்போது பெரும்பாலும் ஐ.யூ. என்ற பன்னாட்டு அலகில் தருகிறார்கள்.

இங்கே முக்கியமானது காலக்கணக்கு. தொற்று வந்த அன்றைக்கே எதிர்ப்பொருள் உருவாகிவிடாது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அப்புறம் மெதுவாக இறங்கும். சில பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் கழித்தும் உயரத்திலேயே நிற்கும். மழை ஓய்ந்து வெகுநாள் ஆன பிறகும் ஏரியில் தண்ணீர் நிற்கிற மாதிரி இது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு எப்போது மழை பெய்தது என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை பார்த்தால், ஏறுகிறதா வடிகிறதா என்றாவது தெரியும்.

முதல் படி: எதற்காக இந்தச் சோதனை என்று கேளுங்கள்

ரத்தம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பதிலைப் பொறுத்துச் சோதனை பயன்படும், அல்லது வீணாகும்.

பிள்ளைக்கு இன்றைக்குத் தொண்டை வலி, இன்றைக்குக் காய்ச்சல் என்றால் ஏ.எஸ்.ஓ. உதவாது. எதிர்ப்பொருள் இன்னும் உருவாகவே இல்லை. எண் கூடுதலாக இருந்தாலும் அது போன மாதத்துத் தொற்றின் மிச்சமாக இருக்கலாம். இந்த நேரத்தில் தேவைப்படுவது டாக்டர் தொண்டையைப் பார்ப்பதும், வேண்டுமானால் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அல்லது ரேபிட் ஆன்டிஜன் சோதனை (கிருமியின் துணுக்கைச் சில நிமிடத்தில் கண்டுபிடிப்பது) செய்வதும்தான். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல், காய்ச்சலோடு டான்சில் வீங்கி வெள்ளை படிந்து, கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது என்றால் ஸ்ட்ரெப் சந்தேகம் கூடுதல். இந்தத் தொண்டைப்புண் தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். அதனால் ஏ.எஸ்.ஓ. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான ஸ்ட்ரெப் தொற்று என்றால் இன்னும் அவசரம். அதே கிருமி சில நேரம் தோலுக்கு அடியில் இறங்கி, சதையை மூடியிருக்கும் சவ்வையே அழுக வைக்கும். சில நேரம் ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தத்தைச் சரித்து, சிறுநீரகம், கல்லீரல் என ஒவ்வொன்றாக முடக்கும். சின்னக் காயம், அறுவைசிகிச்சைத் தழும்பு, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள், பிள்ளைகளுக்கு அம்மை போட்டு ஆறும் சமயம் ஆகியவற்றில் இது வரலாம். அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே தெரியும் சிவப்புக்குப் பொருந்தாத கடுமையான வலி, மணிக்கு மணி பரவும் வீக்கம், தோல் கருநீலமாக மாறுவது அல்லது கொப்புளம் எழுவது, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது. இதில் எது தெரிந்தாலும் லேபுக்குப் போகக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அறுவைசிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ரத்தக் கல்ச்சர் எடுப்பார்கள், கெட்டுப்போன சதையை அகற்றுவார்கள், பெனிசிலினோடு கிளிண்டமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்து ஏற்றுவார்கள். எதிர்ப்பொருள் சோதனைக்கு இந்த நேரத்தில் வேலை இல்லை. ஆன்டிபயாடிக் முதலிலேயே கொடுத்துவிட்டதால் கல்ச்சரில் கிருமி வளராமல் போனால், சில வாரம் கழித்து எதிர்ப்பொருள் ஏறியிருப்பதை வைத்து, 'வந்தது ஸ்ட்ரெப் ஆக இருக்கலாம்' என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல அது உதவும். அவ்வளவுதான். நச்சதிர்ச்சிக்கு (கிருமியின் நச்சால் ரத்த அழுத்தம் சரியும் நிலைக்கு) இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து) ஏற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதிலேயே பிறருடைய எதிர்ப்பொருட்கள் இருப்பதால் எண்ணை நம்ப முடியாது.

நாற்பது வயதுக்காரருக்குக் கைவிரல் மூட்டுகள் காலையில் இறுகிப்போகின்றன, ஐம்பது வயதுக்காரருக்கு முட்டி தேய்ந்து வலிக்கிறது என்றால் அவர்களுக்கும் ஏ.எஸ்.ஓ. தேவையில்லை. மூட்டுவலிப் பேக்கேஜில் சேர்ந்து வருகிறது என்பதற்காகச் செய்யப்படும் சோதனைகளில் இது ஒன்று. வருகிற எண் யாருக்கும் பயன்படாமல் கவலையை மட்டும் கொடுக்கும்.

அப்படியானால் எப்போதுதான் வேண்டும்? தொற்று வந்து போன பிறகு, கிருமி இல்லாமலேயே உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்களில். முக்கியமாக இரண்டு. ஒன்று ருமாட்டிக் காய்ச்சல்: தொண்டைப்புண் வந்து பெரும்பாலும் 2, 3 வாரம் கழித்து வரும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இன்னொன்று ஸ்ட்ரெப்புக்குப் பின்வரும் சிறுநீரக அழற்சி: காலையில் முகம் வீங்கும், சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும், ரத்த அழுத்தம் ஏறும். இந்த இரண்டிலும் டாக்டர் பிள்ளையைப் பார்க்கும்போது தொண்டை ஆறியிருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. அப்போது பழைய தொற்றுக்குச் சாட்சி வேண்டும். அங்கேதான் ஏ.எஸ்.ஓ.வுக்கு மதிப்பு.

இரண்டாம் படி: தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள்

பலர் தவறவிடும் படி இது. என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டைவிட இந்தத் தாள்தான் டாக்டருக்கு அதிகம் உதவும். ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: கடைசியாகத் தொண்டை வலித்தது எப்போது? சிரங்கு, சொறி, சேற்றுப்புண் எதுவும் கடந்த இரண்டு மாதத்தில் இருந்ததா? என்ன மாத்திரை, எத்தனை நாள் கொடுத்தீர்கள்? மருந்துக்கடையில் நேராக வாங்கிக் கொடுத்ததாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக்கை முன்கூட்டியே கொடுத்திருந்தால் எதிர்ப்பொருள் சரியாக ஏறாமல் போகலாம். ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.

மூட்டு வலியைப் பற்றியும் எழுதுங்கள். எந்த மூட்டு, எந்தத் தேதி, எத்தனை நாள். ருமாட்டிக் காய்ச்சலில் வலி பெரிய மூட்டுகளில் வரும், ஓரிடத்தில் நிற்காமல் தாவும். இன்றைக்கு வலது முட்டி, நாளை மறுநாள் அது சரியாகிக் கணுக்கால், அப்புறம் முழங்கை. வலி மாத்திரை கொடுத்தால் சட்டென்று குறைந்துவிடும். இதுவே ஒரு துப்பு. அதனால், டாக்டர் பார்ப்பதற்கு முன் வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து வீக்கத்தை மறைத்துவிடாதீர்கள். வலி தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, கொடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். முட்டி வீங்கிச் சிவந்திருக்கும் நேரத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: ரத்தம் கொடுப்பது

இதில் சொல்ல அதிகம் இல்லை. வெறும் வயிறு தேவையில்லை. கையில் நரம்பிலிருந்து சில மில்லி எடுப்பார்கள். அதே ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் தனித்தனியாகக் குத்த வேண்டியதில்லை. ரத்தத்தில் கொழுப்பு மிகக் கூடுதலாக இருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ ஏ.எஸ்.ஓ. பொய்யாகக் கூடிக் காட்டலாம். இருப்பது தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் லேபில் கேளுங்கள்: எந்த முறையில் அளக்கிறீர்கள்? அடுத்த படிக்கு இது வேண்டும்.

நான்காம் படி: எண்ணைப் படிப்பது

இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. சின்ன லேபுகளில் பெரும்பாலும் லேட்டெக்ஸ் முறை. ஸ்ட்ரெப்டோலைசின் ஓ பூசிய நுண்ணிய மணிகளை நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரோடு) ஒரு கறுப்பு ஸ்லைடில் கலந்து ஆட்டுவார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்தால் திரிதிரியாகத் திரண்டு தெரியும். திரண்டால், சீரத்தைப் பாதிப் பாதியாக நீர்த்து, எதுவரை திரள்கிறது என்று பார்ப்பார்கள். அதனால்தான் இந்த முறையில் 200, 400, 800 என்று இரட்டிப்பாகவே எண்கள் வரும், நடுவில் 330 வராது. லேட்டெக்ஸில் 400 என்றால், 400-க்கும் 800-க்கும் நடுவில் எங்கேயோ என்று பொருள். திரள்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதால், ஒரே சீரத்தை இன்னொருவர் பார்த்தால் ஒரு படி மேலேயோ கீழேயோ போகலாம்.

பெரிய லேபுகளில் நெஃபலோமெட்ரி அல்லது டர்பிடிமெட்ரி என்ற கருவிமுறை. ஒளி எவ்வளவு சிதறுகிறது, எவ்வளவு மங்குகிறது என்பதைக் கருவி அளந்து, 286 என்பது போலத் துல்லியமான எண்ணைத் தரும். இரண்டு தடவை எடுத்து ஒப்பிட வேண்டிய நிலை வந்தால் இந்த முறையே நல்லது. ஒருமுறை ஒரு லேபில் லேட்டெக்ஸ், அடுத்தமுறை வேறு லேபில் கருவி என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

இப்போது அந்த '200-க்குக் கீழ்' விஷயம். பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் அச்சாகியிருக்கும் அந்த எல்லை பெரியவர்களை மனதில் வைத்துப் போட்டது. ஸ்ட்ரெப் தொண்டைப்புண் அடிக்கடி வருவது பள்ளிப் பருவத்தில்தான். ஆகவே நன்றாக ஓடி விளையாடும் பத்து வயதுப் பிள்ளைக்கு 200-ஐத் தாண்டி, 300-க்கு மேலேகூட இருப்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதே எண் வந்தால் அதன் அர்த்தம் வேறு. வயதும் ஊரும் சேர்ந்துதான் எல்லையை முடிவு செய்யும். கிருமி அதிகம் சுற்றும் ஊரில் எல்லோருடைய எண்ணும் கொஞ்சம் மேலே இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கு மேல் எல்லை போடும்போது ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது 80-ஆவது சதமானம். அதாவது நோய் இல்லாத நூறு பிள்ளைகளை வரிசைப்படுத்தினால், எண்பதாவது பிள்ளைக்கு என்ன எண்ணோ அதுவே எல்லை. மீதி இருபது பேரும் நலமாக இருந்துகொண்டே எல்லைக்கு மேலே நிற்கிறார்கள்! 'ஏ.எஸ்.ஓ. கூடுதல்' என்று யாராவது பயமுறுத்தினால் அந்த இருபது பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணின் உயரத்துக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 800 வந்த பிள்ளையின் இதயம் நன்றாக இருக்கலாம்; 300 வந்த பிள்ளைக்கு வால்வு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

ஐந்தாம் படி: ஒரு எண் போதாதபோது

ருமாட்டிக் காய்ச்சல் உண்மையிலேயே வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏ.எஸ்.ஓ. கூடியிருக்காது. இதைப் பலர் கேட்டால் நம்புவதில்லை. அதனால் சந்தேகம் வலுவாக இருந்து ஏ.எஸ்.ஓ. சரியாக வந்தால், டாக்டர் இரண்டு வழியில் போகலாம்.

ஒன்று, இன்னொரு எதிர்ப்பொருளையும் பார்ப்பது. ஆன்டி டி.என்.ஏஸ் பி என்பது அதன் பெயர். அதே கிருமி விடும் இன்னொரு பொருளுக்கு எதிரானது. இது ஏ.எஸ்.ஓ.வைவிடத் தாமதமாக, 6 முதல் 8 வாரத்தில் உச்சம் தொடும், கூடுதல் நாள் நீடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தப்பிப்போகிறவர்கள் மிகவும் குறைந்துவிடுகிறார்கள். தோலில் சிரங்கு வந்து அதன்பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைதான் முக்கியம். தோல் தொற்றில் ஏ.எஸ்.ஓ. சரியாக ஏறுவதில்லை, தோலில் இருக்கும் கொழுப்பு அந்த நச்சைக் கட்டிப்போட்டுவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. கால் முழுக்கச் சிரங்குத் தழும்போடு முகம் வீங்கி வரும் பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. மட்டும் பார்த்து 'ஸ்ட்ரெப் இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. ஆன்டி டி.என்.ஏஸ் பி எல்லா ஊர் லேபிலும் கிடைக்காது. மாதிரியைப் பெரிய நகரத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், சில நாள் ஆகும்.

இன்னொரு வழி, 2 முதல் 4 வாரம் கழித்து அதே லேபில், அதே முறையில் மறுபடி எடுப்பது. எண் தெளிவாக ஏறியிருந்தால் தொற்று அண்மையில் வந்ததுதான். இறங்கியிருந்தாலும் அது ஒரு தகவலே. அசையாமல் நின்றால், பழைய தொற்றின் மிச்சமாகவோ அந்தப் பிள்ளையின் வழக்கமான அளவாகவோ இருக்கலாம். லேட்டெக்ஸில் 200 போய் 400 ஆனால் அதை ஏற்றம் என்று உறுதியாகச் சொல்லத் தயங்க வேண்டும் என்று மேலேயே பார்த்தோம்.

தொண்டையில் கிருமியைச் சுமந்துகொண்டே நலமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கல்ச்சர் பாசிட்டிவ் வரும், எதிர்ப்பொருள் ஏறாது. கல்ச்சரும் ரத்தமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினால் இதுவும் ஒரு காரணம். சி, ஜி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களில் சிலவும் அதே நச்சைச் சுரப்பதால் ஏ.எஸ்.ஓ.வை ஏற்றலாம். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸுக்கோ, பிறந்த குழந்தைகளைத் தாக்கும் பி பிரிவு ஸ்ட்ரெப்புக்கோ இது சோதனையே அல்ல.

ஆறாம் படி: மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்ப்பது

ருமாட்டிக் காய்ச்சலை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 1944-இல் டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல்களைத்தான் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். 2015-இல் வந்த திருத்தத்தில் நமக்கு முக்கியமான மாற்றம் ஒன்று இருக்கிறது. நோய் குறைவான நாடுகளுக்கு ஒரு கணக்கு, நோய் பரவலாக உள்ள இடங்களுக்கு இன்னொரு கணக்கு. இந்தியா இரண்டாவது வகையில் வரும்.

அதன்படி பெரிய அடையாளங்கள்: இதய அழற்சி, மூட்டு வீக்கம் அல்லது பல மூட்டுகளில் வலி, கை கால் தானாகத் துள்ளும் கொரியா, தோலில் வளையம் வளையமாகச் சிவப்பு, தோலுக்கடியில் வலிக்காத சிறு முடிச்சுகள். சிறிய அடையாளங்கள்: ஒரு மூட்டில் மட்டும் வலி, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், ஈ.எஸ்.ஆர். 30 அல்லது மேல், சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் அல்லது மேல், ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போகும் நேரம்) நீள்வது. முதல் தடவை நோய் வரும்போது இரண்டு பெரியவை, அல்லது ஒரு பெரியதும் இரண்டு சிறியவையும் இருக்க வேண்டும். கூடவே ஸ்ட்ரெப் வந்து போனதற்கு ஆதாரம் வேண்டும். அந்தக் கடைசி வரியில்தான் ஏ.எஸ்.ஓ. வந்து உட்கார்கிறது. பெரியதிலும் இல்லை, சிறியதிலும் இல்லை! சி.ஆர்.பி.யைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள்: நம் லேபுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், அந்தக் கணக்கில் எல்லை 30.

ஏ.எஸ்.ஓ. சரியாக இருந்தாலும் கைவிட முடியாத நிலை கொரியா. பிள்ளை திடீரென்று பாத்திரத்தைக் கை தவறவிடுகிறது, கையெழுத்து கெட்டுப்போகிறது, முகத்தைச் சுளிக்கிறது, காரணமில்லாமல் அழுகிறது. வீட்டில் சேட்டை என்று திட்டுவார்கள், பள்ளியில் கவனமில்லை என்பார்கள். இது தொற்று வந்து பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் எதிர்ப்பொருள் அதற்குள் வடிந்துபோயிருக்கும். எனவே, வேறு காரணம் இல்லாத கொரியாவுக்கு ஸ்ட்ரெப் ஆதாரம் கேட்பதில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் தயவுசெய்து திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

சந்தேகம் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்காத வால்வுக் கசிவு எக்கோவில் தெரியும். 2015 திருத்தம் அதையும் இதய அழற்சியாகவே கணக்கில் எடுக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால், மறுபடி ஏ.எஸ்.ஓ. எடுப்பதைவிட எக்கோவுக்குச் செலவழிப்பது மேல். இது என் உறுதியான எண்ணம்.

சிறுநீரக அழற்சி என்றால் பாதை சுருக்கம். சிறுநீர்ச் சோதனை, ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), அப்புறம் சி3 என்ற காம்ப்ளிமென்ட் (எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ஒரு புரதம்) அளவு. ஸ்ட்ரெப்புக்குப் பின்வரும் அழற்சியில் சி3 குறைந்து, வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் வேறு சிறுநீரக நோயா என்று தேட வேண்டும்.

ஏழாம் படி: ரிப்போர்ட்டுக்குப் பிறகு

எண் மட்டும் கூடுதல், பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, மூட்டு வீங்கவில்லை, எக்கோ சரி, சிறுநீர் சரி என்றால் மருந்து ஒன்றும் வேண்டாம். எண்ணைக் குறைப்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. எதிர்ப்பொருள் கிருமி அல்ல, பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மாதாமாதம் ஏ.எஸ்.ஓ. எடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். இப்படி இருக்கும்போதும் ஊசி தொடங்கச் சொன்னால், பொறுமையாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "டாக்டர், எந்த அடையாளங்களை வச்சு ருமாட்டிக் காய்ச்சல்னு சொல்றீங்க? எக்கோ பார்த்தாச்சா? ஊசி எத்தனை வருஷத்துக்கு?" பதில் தெளிவாக இல்லை என்றால் குழந்தை நல மருத்துவர் அல்லது இதய மருத்துவர் ஒருவரின் இரண்டாவது கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியாகிவிட்டால் நிலைமை நேர்மாறு. அப்போது ஊசிதான் பிள்ளையின் காவல். பென்சத்தைன் பெனிசிலின், 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம் யூனிட், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. நம் நாட்டில் 3 வாரக் கணக்கே அதிகம் பின்பற்றப்படுகிறது. எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டர் இன்னும் நெருக்கமாகப் போடச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இதயம் பாதிக்கப்படவில்லை என்றால் 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, எது அதிகமோ அது. இதய அழற்சி வந்து வால்வுக் கோளாறு தங்காமல் ஆறியிருந்தால் 10 ஆண்டு அல்லது 21 வயது வரை, இதிலும் எது அதிகமோ அது. வால்வுக் கோளாறு தங்கிவிட்டால் குறைந்தது 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, எது அதிகமோ அது; சிலருக்கு வாழ்நாள் முழுக்க. நீண்ட காலம்தான். ஆனால் அடுத்த தடவை ஸ்ட்ரெப் வரும்போது வால்வு மேலும் கெடும் என்பதால்தான் இந்தக் காவல்.

இந்தக் காலத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறது, ஏ.எஸ்.ஓ.வும் 200-க்குக் கீழே வந்துவிட்டது என்று ஊசியை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. நிறுத்துவதற்கு அந்த எண் காரணமே ஆகாது. எண் இறங்கியது ஊசி வேலை செய்கிறது என்பதால்கூட இருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் வலி இரண்டு நாள் இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், வெள்ளிக்கிழமை மாலையில் போட்டால் பள்ளி விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. பெனிசிலின் ஒவ்வாமை முன்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. ஊசியை எப்போதும் அவசரச் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் போட்டு, அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து வாருங்கள்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் எக்கோ ரிப்போர்ட், ஊசித் தேதி அட்டை, முதல் ஏ.எஸ்.ஓ. முடிவு மூன்றையும் போட்டு வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும், வேறு அறுவைசிகிச்சைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணமாகிப் போகும்போது அந்த உறையும் கூடவே போகட்டும்; சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் என்ற இதய வால்வு பல பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் மூச்சுத்திணறல் வரும்போதுதான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. முதல் செக்கப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் அந்தக் காகிதங்களைக் கொடுத்து, எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.